கண்குழியில் விழும் நிழல்: மேனுவல் ஃபிலிம் கேமராவில் ஃபில் ஃபிளாஷ்

சேலத்தில் ஏப்ரல் 20 வாக்கிலும் ஆகஸ்ட் 22 வாக்கிலும் பகல் பன்னிரண்டேகாலுக்குச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நட்டு வைத்த குச்சிக்கு நிழலே விழாது. அந்த நேரத்தில் ஒருவரை வெட்டவெளியில் நிறுத்திப் படம் எடுத்தால் நெற்றியும் மூக்கு நுனியும் கன்னமேடும் வெளுத்துப் பளபளக்கும். புருவத்துக்குக் கீழே இரண்டு பள்ளங்கள் மட்டும் இருட்டாகக் கிடக்கும். முகப்படத்தில் முதலில் தேடுவது கண்ணைத்தான், அந்தக் கண்ணே படத்தில் இருக்காது. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் பகலில் எடுத்த படங்களைப் புரட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் இந்தக் குறை தெரியும். ஆடி மாதம் முழுக்கச் சூரியன் உச்சிக்குப் பக்கத்திலேயே சுற்றுவதுதான் காரணம்.

இந்தப் பள்ளத்தில் கொஞ்சம் வெளிச்சத்தை ஊற்றுவதுதான் ஃபில் ஃபிளாஷ். கொஞ்சம் என்ற சொல் முக்கியம். படத்தைப் பார்ப்பவருக்கு ஃபிளாஷ் போட்டது தெரிந்துவிட்டால் அளவு கூடிவிட்டது என்று பொருள். வெயில்தான் முகத்தை ஆள வேண்டும், ஃபிளாஷ் நிழலை மட்டும் தொட வேண்டும். டிஜிட்டலில் ஒரு படம் எடுத்துப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். ஃபிலிமில் அது முடியாது என்பதால் கணக்கு முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். கணக்கு பெரிதில்லை, ஒரு வகுத்தல்தான். ஆனால் அதைப் போடும் வரிசை மாறக் கூடாது: முதலில் ஷட்டர் (ஃபிலிமுக்கு வெளிச்சம் விழும் நேரம்), பிறகு வெயிலுக்கான அப்பர்ச்சர் (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளை, எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும்), பிறகு தூரம், கடைசியில்தான் ஃபிளாஷ். ஃபிளாஷிலிருந்து தொடங்கினால் படம் கல்யாண மண்டப ஸ்டேஜ் படம் போலாகிவிடும்.

இரண்டு வெளிச்சம், இரண்டு பிடி

ஃபிளாஷ் எரிவது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. ஷட்டர் 1/60 திறந்திருந்தாலும் 1/15 திறந்திருந்தாலும் ஃபிளாஷிலிருந்து ஃபிலிமில் விழும் வெளிச்சம் ஒன்றுதான். வெயில் அப்படியில்லை, ஷட்டர் திறந்திருக்கும் நேரமெல்லாம் வந்துகொண்டே இருக்கும். ஆகவே ஷட்டர் ஸ்பீடு வெயிலை மட்டும் கட்டுப்படுத்தும். அப்பர்ச்சர் வெயில், ஃபிளாஷ் இரண்டையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும். ஃபிளாஷை மட்டும் கூட்டிக் குறைக்கத் தூரமும் ஃபிளாஷின் பவர் பட்டனும்தான் வழி. மீதிக் கணக்கெல்லாம் இதிலிருந்தே வருகிறது.

ஷட்டரை எவ்வளவு வேகமாகவும் வைக்கலாம் என்றால் வேலை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் பெரும்பாலான எஸ்எல்ஆர் கேமராக்களில் இரண்டு திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. ஒரு வேகத்துக்கு மேல் போனால் முதல் திரை முழுதாகத் திறக்கும் முன்பே இரண்டாவது திரை மூடத் தொடங்கிவிடும். அப்போது ஃபிலிம் முழுவதும் ஒரே கணத்தில் வெளியே தெரியாது, இடையில் ஒரு பிளவு மட்டும் நகர்ந்து போகும். ஃபிளாஷ் எரியும் கணத்தில் அந்தப் பிளவு எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் ஃபிளாஷ் பதியும். முழு ஃபிரேமும் திறந்திருக்கும் அதிகபட்ச வேகம்தான் சிங்க் ஸ்பீடு.

பென்டாக்ஸ் கே1000, கேனான் ஏஇ-1, ஒலிம்பஸ் ஓஎம்-1 மூன்றுக்கும் 1/60. நிக்கான் எஃப்எம்10-க்கும் யாஷிகா எஃப்எக்ஸ்-3-க்கும் 1/125. நிக்கான் எஃப்எம்2-வின் பிந்தைய மாடலில் 1/250, முந்தையதில் 1/200. ஜெனித் ஈ வைத்திருப்பவர்களுக்கு 1/30தான், உச்சி வெயிலில் அதை வைத்துக்கொண்டு ஃபிளாஷ் போடுவது வீண். டயலில் சிவப்பு எழுத்திலோ எக்ஸ் குறியோடோ இந்த வேகம் குறிக்கப்பட்டிருக்கும். அதைவிட மெதுவாக வைக்கலாம், வேகமாக வைக்கக் கூடாது.

பழைய ஸ்டூடியோக்களின் யாஷிகா மேட் போன்ற, மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் உள்ள டிஎல்ஆர் கேமராக்களில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. இலை போல விரிந்து மூடுவதால் 1/500 வரை எல்லா வேகத்திலும் ஃபிளாஷ் முழுதாகப் பதியும். வெயிலில் ஃபில் ஃபிளாஷுக்கு இதைவிட நல்ல கருவி ஃபிலிம் உலகில் குறைவு. அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தால் முதலில் அதை எடுங்கள். ஒரு எச்சரிக்கை: எம், எக்ஸ் என்று லீவர் இருந்தால் எக்ஸில் வையுங்கள். எம் என்பது பழைய பல்புகளுக்கானது. பல்பு முழு வெளிச்சத்துக்கு வர நேரம் எடுப்பதால் அதை முன்கூட்டியே பற்றவைத்துவிட்டு ஷட்டரைத் தாமதமாகத் திறக்கும். இன்றைய ஃபிளாஷை அதில் போட்டால் ஷட்டர் திறக்கும் முன்பே எரிந்து அணைந்துவிடும். கண்ணுக்கு ஃபிளாஷ் அடித்தது தெரியும், நெகட்டிவில் சுவடே இருக்காது. ஓஎம்-1-இன் முன்பக்கம் எஃப்பி, எக்ஸ் என்று உள்ள சுவிட்சையும் இதே காரணத்துக்காக எக்ஸில் வைக்க வேண்டும்.

கேமராவும் ஃபிளாஷும் ஒத்துப்போகின்றனவா என்று ரோல் போடும் முன்பே பார்த்துவிடலாம். பின்கதவைத் திறந்து, லென்ஸை முழு அப்பர்ச்சரில் வைத்து, வெள்ளைச் சுவரைப் பார்த்துப் பிடியுங்கள். சிங்க் ஸ்பீடில் கிளிக் செய்து பின்பக்கமாகவே பாருங்கள். ஃபிளாஷ் அடிக்கும் கணத்தில் செவ்வகம் முழுதும் வெளுப்பாகத் தெரிய வேண்டும். ஒரு ஓரம் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் வேகம் கூடுதல். ஒன்றுமே தெரியாவிட்டால் எம்-எக்ஸ் தவறு, அல்லது தொடர்பு விட்டுப்போயிருக்கிறது.

பெட்டியில் போட்டிருக்கும் நம்பர்

ஒவ்வொரு ஃபிளாஷுக்கும் ஒரு கைடு நம்பர் உண்டு. ஐஎஸ்ஓ (ஃபிலிமின் ஒளியுணர்வு எண்) 100 ஃபிலிமுக்கு அந்த நம்பரைத் தூரத்தால் வகுத்தால் அப்பர்ச்சர் கிடைக்கும், அப்பர்ச்சரால் வகுத்தால் தூரம் கிடைக்கும். மீட்டரா அடியா என்று மட்டும் கவனியுங்கள். விவிடார் 283-க்கு 120 என்பார்கள், அது அடிக்கணக்கு. மீட்டரில் 36. இரண்டையும் குழப்பி நெகட்டிவை வீணாக்குவது அடிக்கடி நடக்கிறது.

இந்த நம்பரை அப்படியே நம்ப வேண்டாம். சுவரும் கூரையும் வெளிச்சத்தைத் திருப்பித் தரும் அறைக்குள் அது சரியாக வரும். வெட்டவெளியில் அந்த உதவி இல்லை, அரை ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை குறையும். ஒரு ஸ்டாப் குறைவது என்றால் வெளிச்சம் பாதியாவது, கூடுவது என்றால் இரட்டிப்பாவது. பல வருஷம் கிடந்த பழைய ஃபிளாஷ் என்றால் இன்னும் குறையலாம். கோடாக்ஸ் டிடி600 போன்ற புதிய ஃபிளாஷ்களில் பெட்டி மேல் இருக்கும் 60 என்பது ஜூம் தலையை 200 எம்எம்-இல் வைத்தால்தான். 50 எம்எம் லென்ஸுக்கு ஏற்ப ஜூமை வைத்ததும் நம்பர் நன்றாகக் கீழே இறங்கிவிடும்.

உங்கள் ஃபிளாஷின் உண்மையான நம்பரைத் தெரிந்துகொள்ள ஆறு ஃபிரேம் செலவழித்தால் போதும். இருட்டியபின் மொட்டை மாடிக்குப் போங்கள், பக்கத்தில் சுவர் இருக்கக் கூடாது. ஒருவரைச் சரியாக 3 மீட்டர் தள்ளி நிறுத்தி, கையில் ஒரு சிலேட்டைக் கொடுங்கள். ஐஎஸ்ஓ 100 ஃபிலிம், சிங்க் ஸ்பீடு, ஃபிளாஷ் முழு பவர். அப்பர்ச்சரை 5.6-இல் தொடங்கி அரை அரை ஸ்டாப்பாக மூடிக்கொண்டே 13 வரை போங்கள், அதாவது 11-க்கும் 16-க்கும் நடுவில் வரும் வரை. ஒவ்வொரு படத்துக்கும் அந்த எண்ணைச் சிலேட்டில் சாக்பீஸால் எழுதச் சொல்லுங்கள். லேபில் ஸ்கேன் வாங்கி இதை முடிவு செய்யாதீர்கள், ஸ்கேனர் ஒவ்வொரு ஃபிரேமையும் தானாகச் சரிசெய்து எல்லாவற்றையும் ஒன்றுபோலக் காட்டும். கருப்பு வெள்ளை என்றால் காண்டாக்ட் ஷீட் (நெகட்டிவ்களைத் தாளின் மேல் நேராக வைத்துப் போடும் பிரிண்ட்) போடுங்கள், எல்லா ஃபிரேமும் ஒரே வெளிச்சத்தில் பதிவதால் வித்தியாசம் நேராகத் தெரியும். கலர் என்றால் லைட் டேபிளில் நெகட்டிவையே பாருங்கள். முகத்தின் தோல் நிறம் சரியாக வந்திருக்கும் ஃபிரேமின் அப்பர்ச்சரை 3-ஆல் பெருக்கினால் அதுதான் உங்கள் நம்பர். 8-க்கும் 11-க்கும் நடுவே, அதாவது 9.5-இல் நன்றாக வந்திருந்தால் 28. பெட்டியில் 36 போட்டிருந்த ஃபிளாஷ் வெளியில் 28 கொடுப்பது வழக்கமான கதைதான். அந்த 28-ஐ ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஃபிளாஷின் முதுகில் ஒட்டிவிடுங்கள்.

ஃபிலிம் மாறினால்: ஐஎஸ்ஓ 200-க்கு நம்பரை 1.4-ஆல் பெருக்கவும், 400-க்கு 2-ஆல். 28 என்பது 400-இல் 56 ஆகும்.

உச்சி வெயிலில்

மேகமில்லாத வெயிலில் ஐஎஸ்ஓ 100-க்கு 1/125, எஃப் 16. வெளிச்சம் அளக்கும் லைட் மீட்டர் தேவையில்லை, பல சமயம் அது இல்லாமலிருப்பதே நல்லது. சேலத்தைச் சுற்றியுள்ள சேகோ மில்களின் களத்தில் இது நன்றாகப் புரியும். குச்சிக்கிழங்கு அரைத்து எடுத்த ஜவ்வரிசி தரை முழுக்க வெள்ளையாகக் காயும். கேமரா மீட்டர் அந்த வெள்ளையைப் பார்த்து மிரண்டு, ஒன்றரை இரண்டு ஸ்டாப் குறைத்துக் காட்டும். அதைக் கேட்டு எடுத்தால் ஜவ்வரிசி சாம்பலாகவும் ஆள் கரியாகவும் வருவார்கள். வெயிலின் அளவு மாறவில்லை, 1/125-க்கு எஃப் 16தான்.

1/60 சிங்க் உள்ள கே1000-இல் அது எஃப் 22 ஆகிறது. 28-ஐ 22-ஆல் வகுத்தால் 1.27 மீட்டர். அந்தத் தூரத்தில் ஃபிளாஷ் வெயிலுக்குச் சமமாக விழும், அது ஃபில் ஆகாது. நமக்கு வேண்டியது ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் குறைவாக. தூரம் 1.4 மடங்கானால் ஒரு ஸ்டாப் குறையும், 2 மடங்கானால் இரண்டு ஸ்டாப். ஆக 1.8 மீட்டரில் ஒரு ஸ்டாப் குறைவு, 2.5 மீட்டரில் இரண்டு ஸ்டாப் குறைவு. 50 எம்எம் லென்ஸில் இந்தத் தூரம் இடுப்புக்கு மேல் படத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. பவர் பட்டனே இல்லாத பழைய ஃபிளாஷானாலும் 2 மீட்டரில் நின்றால் போதும், கணக்கு தானே சரியாகிவிடும். முழு ஆளும் வேண்டுமென்றால் 3 மீட்டராவது பின்னே போக வேண்டியிருக்கும். அங்கே ஃபில் இரண்டரை ஸ்டாப் குறைந்து, இருக்கிறதா இல்லையா என்று தேடும்படி ஆகிவிடும்.

இதே ஃபிளாஷை 1/250 சிங்க் உள்ள எஃப்எம்2-வில் போட்டால் அப்பர்ச்சர் எஃப் 11. ஃபிளாஷ் சமமாகும் தூரம் 2.5 மீட்டர், ஒரு ஸ்டாப் குறையும் தூரம் 3.6, இரண்டு ஸ்டாப் குறையும் தூரம் 5. யாஷிகா மேட்டின் 1/500-இல் எஃப் 8. அதில் 3.5 மீட்டர் வரை சமம், 7 மீட்டர் தள்ளிக் குடும்பமே நின்றாலும் இரண்டு ஸ்டாப் குறைவான ஃபில் கிடைக்கும். ஃபிளாஷ் மாறவில்லை, சிங்க் ஸ்பீடு மட்டும்தான் மாறியது. பெரிய ஃபிளாஷ் வாங்கக் காசு சேர்ப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

தூரத்தை டேப் வைத்து அளக்க வேண்டாம். கண்ணில் ஃபோகஸ் செய்துவிட்டு லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைப் பாருங்கள், மீட்டரும் அடியும் அங்கேயே இருக்கின்றன. ஃபிளாஷை ஒயர் போட்டுத் தனியாகப் பிடித்தால் மட்டும் ஃபிளாஷிலிருந்து முகத்துக்குள்ள தூரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும், கேமராவின் தூரத்தை அல்ல.

எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதில் எங்கள் பரிந்துரை உச்சி வெயிலுக்கு ஒன்றரை ஸ்டாப். ஒரு ஸ்டாப் குறைவில் கண் நன்றாகத் தெரியும், ஆனால் கழுத்துச் சங்கிலியிலும் மூக்குத்தியிலும் ஃபிளாஷின் வெள்ளைப் புள்ளி தெரியத் தொடங்கும். பட்டுச் சேலையின் ஜரிகை கேமராவுக்கு நேராக இருந்தால் பட்டை அடிக்கும். இரண்டு ஸ்டாப் குறைத்தால் இயல்பாக இருக்கும், கண்குழி ஆழமான முகங்களுக்குப் போதாது. கண்ணின் கருமணியில் ஒரு சின்ன ஒளிப்புள்ளி விழ வேண்டும், அது விழுந்தால் முகம் உயிர்பெறும்.

தோல் நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாநிறத்துக்கும் அதற்கு மேல் கருத்த நிறத்துக்கும் ஃபிளாஷைக் கூட்டத் தோன்றும். கூட்டாதீர்கள். கருத்த தோலில் வெளிச்சம் பரவுவதைவிட மினுமினுப்பாகத் திரும்புவது அதிகம் தெரியும். வியர்வையும் எண்ணெயும் இருந்தால் நெற்றியில் வெள்ளைத் திட்டு விழுந்து முகத்தின் வடிவமே குலையும். துண்டால் நன்றாகத் துடைத்துவிட்டு, ஃபிளாஷைக் கேமராவிலிருந்து பிரித்து ஒரு கை தூரம் மேலேயும் பக்கத்திலும் பிடித்தால் திட்டு பாதி குறைந்துவிடும். கண்ணாடி போட்டவர்களுக்கும் இதுவே மருந்து.

கண் கூசுவது இன்னொரு தொல்லை. "அண்ணா, கண்ணை மூடிக்கங்க, மூணு எண்ணினதும் திறங்க" என்று சொல்லி, திறந்த அடுத்த கணம் கிளிக் செய்ய வேண்டும். அரை நொடி தாமதித்தாலும் கண் சுருங்கிவிடும்.

சேகோ களத்துக்குத் திரும்பி வருவோம். வெள்ளைத் தரையே பெரிய ரிஃப்ளெக்டர் என்பதால் கண்குழி ஏற்கெனவே நிறைந்திருக்கும். ஆனால் வெளிச்சம் கீழிருந்து வருவதால் தாடைக்கும் மூக்குக்கும் அடியில் பிரகாசம் கூடி, முகம் இயல்பாகத் தெரியாது. அங்கே ஃபிளாஷை உயரத் தூக்கி, இரண்டு ஸ்டாப் குறைவாக மேலிருந்து கொடுத்தால் முகம் நேராகும்.

ஃபிலிம் எது என்பதில் நிறைய யோசிக்க வேண்டாம். 1/60 கேமராவுக்கு ஐஎஸ்ஓ 100 சரி. கோடக் கோல்ட் 200தான் கிடைத்தது என்றால் அதையே 100 என்று வைத்து எஃப் 22-இல் எடுங்கள். ஒரு ஸ்டாப் கூடினால் கலர் நெகட்டிவ் தாங்கும், நிழலுக்கு நல்லதுகூட. கணக்குக்கு அப்போதும் 28தான். 400 ஃபிலிமை உச்சி வெயிலுக்குக் கொண்டுவர வேண்டாம். வேறு வழியில்லையென்றால் லென்ஸில் இரண்டு ஸ்டாப் குறைக்கும் என்டி4 ஃபில்டரை மாட்டி ஃபிலிமை 100 ஆகவே எண்ணிக்கொள்ளுங்கள், ஃபில்டர் ஃபிளாஷையும் சேர்த்தே குறைக்கிறது என்பதால் கணக்கு அப்படியே பொருந்தும்.

எதிர் வெயில், சாயங்காலம்

மூன்றரை மணிக்குப் பிறகு ஆளின் முதுகுக்குச் சூரியனைக் கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் அழகான வழி. கண் கூசாது, தலைமுடியைச் சுற்றி ஒளி வரம்பு கட்டும், முகம் முழுவதும் ஒரே நிழலில் இருக்கும். கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரையில் நிறுத்தினால் பின்னால் தண்ணீரும் சேர்வராயன் மலையும் வரும். இங்கே மீட்டரை முகத்துக்குக் காட்டாதீர்கள், வானத்துக்கும் தண்ணீர் மினுக்குக்கும் காட்டாதீர்கள். வெயில் படும் புல்லையோ மலைச்சரிவையோ பார்த்து அளந்துகொள்ளுங்கள். 1/125-க்கு எஃப் 11 என்று வந்தால், 28-ஐ 11-ஆல் வகுக்க 2.5 மீட்டர். எதிர் வெயிலில் முகத்துக்கு வேறு நேர் வெளிச்சம் இல்லாததால் ஒரு ஸ்டாப்புக்கு மேல் குறைக்க வேண்டாம். முழு பவரில் 3.6 மீட்டர், அரை பவரில் 2.5 மீட்டர். லென்ஸ் முகப்பில் வெயில் படாமல் ஹூடோ, உதவிக்கு நிற்பவரின் கையோ மறைக்க வேண்டும்.

ஏற்காடு லேடீஸ் சீட்டில் சூரியன் இறங்கும் நேரம் தனி ரகம். வானத்தை அளந்தால் ஐஎஸ்ஓ 100-க்கு 1/60, எஃப் 5.6 என்று வரலாம். 28-ஐ 5.6-ஆல் வகுக்க 5 மீட்டர். ஆள் நிற்பதோ 2.5 மீட்டரில். முழு பவர் அடித்தால் முகம் இரண்டு ஸ்டாப் கூடிச் சுண்ணாம்பாகும். கால் பவரில் சமம், 1/8-இல் ஒரு ஸ்டாப் குறைவு. விவிடார் 285-இல் கால் பவருக்கு அடுத்தது 1/16தான், அதனால் கால் பவரில் வைத்து 3.5 மீட்டருக்குப் பின்னே போங்கள், அல்லது வெள்ளைக் கைக்குட்டையை ஒரு மடிப்பாக ஃபிளாஷ் மேல் போடுங்கள். துணியைப் பொறுத்து ஏறத்தாழ ஒரு ஸ்டாப் குறையும். கைக்குட்டை வெளிச்சத்தை மென்மையாக்கும் என்று நம்புவது தவறு, ஃபிளாஷ் முகப்பின் அளவு பெரிதாகாத வரை நிழலின் விளிம்பு மென்மையாகாது. பவரைக் குறைக்க மட்டும்தான் அது.

இந்த நேரத்தில் நிறமும் ஒத்துப்போக வேண்டும். ஃபிளாஷ் நடுப்பகல் வெயிலின் நிறத்தில், ஏறக்குறைய 5500 கெல்வினில் எரியும். சாயங்கால வெயில் மஞ்சள். சுற்றிலும் பொன்னாக இருக்க முகம் மட்டும் நீலம் பாய்ந்த வெள்ளையாக நின்றால் வெட்டி ஒட்டியது போலிருக்கும். அரை சிடிஓ ஜெல் (வெளிச்சத்தை மஞ்சளாக்கும் ஆரஞ்சு நிறத் தாள்) ஒரு துண்டு ஃபிளாஷ் முகப்பில் ஒட்டுங்கள். அது அரை ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும், கணக்கில் சேர்த்துக்கொள்ளவும். சூரியன் மறைந்து கீழே சேலத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாகத் தெரியும்போது கேமராவை ஸ்டாண்டில் வைத்து ஷட்டரை 1/15, 1/8 என்று மெதுவாக்கினால் ஊர் படத்துக்குள் வரும். ஃபிளாஷ் கணக்கு மாறாது, ஆள் மட்டும் அசையாமல் நிற்க வேண்டும்.

மலையில் நிழலும் பனியும்

காப்பித் தோட்டத்துக்குள் சில்வர் ஓக் மரநிழல் சீரானது, ஆனால் மேலேயும் சுற்றிலும் இலை. வெளிச்சம் பச்சையேறித்தான் முகத்துக்கு வரும், லேபில் அதைத் திருத்தினால் தோட்டம் வாடியது போலாகும். முகத்துக்கு ஒரு ஸ்டாப் குறைவான ஃபிளாஷ் கொடுத்தால் தோல் தன் நிறத்துக்கு வரும், தோட்டம் பச்சையாகவே இருக்கும். இங்கே மர நிழலும் முகத்தின் மேல், ஃபிளாஷும் முகத்தின் மேல் என்பதால் இரண்டும் கூடும். ஒரு ஸ்டாப் குறைவான ஃபில் மொத்தத்தில் அரை ஸ்டாப்புக்குச் சற்று மேல் கூட்டும். நெகட்டிவில் விட்டுவிடலாம், ஸ்லைடில் அரை ஸ்டாப் மூட வேண்டும். இலை இடுக்கு வழியாக முகத்தில் வெயில் புள்ளி விழுந்தால் ஃபிளாஷால் சரிசெய்ய முடியாது, ஆளை ஒரு அடி நகர்த்துவதுதான் வழி.

பனிமூட்டத்தில் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். பகோடா பாயிண்டில் மூட்டம் ஏறி வரும்போது ஃபிளாஷ் போட்டால், லென்ஸுக்குப் பக்கத்தில் மிதக்கும் நீர்த்துளிகள் ஆளைவிடப் பல மடங்கு வெளிச்சம் வாங்கித் திருப்பி அடிக்கும். படம் முழுக்க வெள்ளைத் திரையும் புள்ளிகளும்தான் மிஞ்சும். மூட்டமே வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் பரப்புவதால் கண்குழியில் நிழலே இருக்காது. மீட்டர் காட்டுவதற்கு ஒரு ஸ்டாப் கூட்டி எடுத்தால் போதும்.

ஆட்டோ ஃபிளாஷ் இருந்தால்

முகப்பில் சின்ன சென்சார் கண் உள்ள ஃபிளாஷ் சாயங்காலத்துக்கும் நிழலுக்கும் வசதி. வழி ஒன்றுதான்: அதை ஏமாற்ற வேண்டும். ஃபிலிம் 100 என்றால் ஃபிளாஷ் டயலில் 200 வையுங்கள், ஒரு ஸ்டாப் குறைவாக அடிக்கும். 400 வைத்தால் இரண்டு ஸ்டாப். டயல் நகராத ரகமென்றால் ஃபிளாஷ் எஃப் 5.6 கேட்கும் இடத்தில் லென்ஸை எஃப் 8-இல் வையுங்கள், அதே ஒரு ஸ்டாப். ஜெல்லோ துணியோ போட்டால் சென்சார் கண்ணை மறைக்கக் கூடாது.

அந்தக் கண்ணுக்கும் பலவீனம் உண்டு. எதிர் வெயில் அதன் மேல் நேராக விழுந்தால் வெளிச்சம் போதும் என்று சீக்கிரம் நின்றுவிடும். ஆள் ஃபிரேமின் ஓரத்தில் நின்றால் பின்னால் உள்ள மலையைப் பார்த்து முழு பவரையும் கொட்டும். வெண்பட்டு வேட்டி சட்டையில் மாப்பிள்ளை நின்றால் வேட்டியைப் பார்த்துக் குறைத்துக்கொள்ளும், முகம் நிழலிலேயே இருக்கும். இந்த மூன்று இடத்திலும் மேனுவலுக்கு மாறி வகுத்தல் போடுவதே நம்பகம். உச்சி வெயிலின் எஃப் 22-க்கு எப்படியும் பெரும்பாலான ஆட்டோ ஃபிளாஷ்களில் குறியே இருக்காது.

பழைய ஃபிளாஷைப் பழக்குவது

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பழைய சாமான் கடையில் கிடைத்ததோ, அப்பா வைத்திருந்ததோ, வருஷக்கணக்கில் சும்மா கிடந்த ஃபிளாஷை உடனே வேலைக்கு அழைத்துப் போகாதீர்கள். உள்ளே உள்ள கெபாசிட்டர் சோர்ந்திருக்கும். புது பேட்டரி போட்டு, ரெடி விளக்கு எரிந்தபின் சில நிமிடம் அப்படியே வைத்து, பிறகு டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். பத்துப் பதினைந்து முறை இப்படிச் செய்தால் சார்ஜ் ஆகும் நேரம் குறைந்து நிலைக்கு வரும். பேட்டரி ஒழுகிப் பச்சை பூத்த முனைகளை எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிடவும். ஃபிளாஷின் மேலுறையைக் கழற்றி உள்ளே கை வைக்கவே வைக்காதீர்கள். பேட்டரியை எடுத்த பிறகும் கெபாசிட்டரில் 300 வோல்ட் வரை தங்கியிருக்கும், அது உயிருக்கே ஆபத்து. அதே போலப் பழைய ஃபிளாஷ்கள் சிலவற்றின் ஷூ முனையில் (கேமராவில் செருகும் அடிப்பகுதியின் உலோகத் தொடர்பில்) 200 வோல்ட்டுக்கு மேல் வரும். கே1000 போன்ற மெக்கானிக்கல் கேமரா தாங்கும், சோதனைக்காக டிஜிட்டல் கேமராவில் மாட்டினால் அதன் சர்க்யூட் போய்விடும்.

ரெடி விளக்கு எரிவது முழு சார்ஜ் ஆனதன் அடையாளம் இல்லை, முக்கால் பங்கு ஏறியதும் எரிந்துவிடும். விளக்கு எரிந்தபின் இன்னும் ஐந்தாறு நொடி பொறுங்கள். அவசரத்தில் எடுத்த வரிசைப் படங்களில் முதல் படம் மட்டும் நன்றாக இருப்பதற்கு இதுதான் காரணம். 1.2 வோல்ட் தானே என்று ரீசார்ஜபிள் செல்லை ஒதுக்க வேண்டாம், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் ஆல்கலைனைவிட வேகமாகச் சார்ஜ் ஏற்றும்.

ஃபிளாஷ் ஒரு முறை அடித்து ஒரு முறை அடிக்காமல் போனால், முதலில் ஷூ முனையையும் ஒயரின் நுனியையும் பென்சில் ரப்பரால் தேயுங்கள். அதிலும் சரியாகவில்லையென்றால் ஒயரைத்தான் சந்தேகிக்க வேண்டும். கேமராவையும் ஃபிளாஷையும் இணைக்கும் பிசி ஒயரின் நுனி தளர்ந்து, கேமராவை ஆட்டினால் விட்டுப்போகும். மாற்று ஒயர் ஒன்று பையில் இருக்கட்டும்.

ரோலைக் கழுவக் கொடுக்கும்போது, ஸ்கேனில் ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கூடவே ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நம்பர், அப்பர்ச்சர், ஷட்டர், தூரம், ஃபிளாஷ் பவர் ஐந்தையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமான முகத்துக்கு மூன்று ஃபிரேம் எடுங்கள்: ஃபிளாஷ் இல்லாமல் ஒன்று, ஒரு ஸ்டாப் குறைவில் ஒன்று, இரண்டு ஸ்டாப் குறைவில் ஒன்று. நெகட்டிவ் கைக்கு வந்ததும் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நோட்டோடு ஒப்பிட்டுக் கண்ணை மட்டும் பாருங்கள்.